ஒரே கம்பியில் தொங்கிய வீடுகள்

கனடாவின் கிழக்குப் பகுதியில் வாழ்கிறவர்கள் பனிப்பொழிவைக் கண்டு மிரளுகிறவர்கள் அல்லர். முழங்கால் உயரம் பனி கொட்டினாலும் காலையில் எழுந்து, கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, வாசலிலுள்ளதை வாரி ஒதுக்கிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். நகரசபை வண்டிகள் இராப்பகலாக வீதிகளைத் தள்ளிச் சுத்தம் செய்துகொண்டே இருக்கும். அவர்கள் மெய்யாகவே அஞ்சுவது, சாதாரணத் தூறல் மாதிரியே ஆர்ப்பாட்டமில்லாமல் வந்து, தொட்ட இடத்திலெல்லாம் பனிக்கட்டியாக இறுகிவிடுகிற உறைமழைக்குத்தான். அந்த மழை விடாமல் பெய்தால் என்ன ஆகும் என்பதை 1998-ஆம் வருஷம் ஜனவரியில் கியூபெக் மாகாணத்து ஜனங்கள் நன்றாகவே தெரிந்துகொண்டார்கள். குளிர்தேசத்து வீடொன்றில் மின்சாரம் நின்றுபோனால், உயிருக்கும் தேகத்துக்கும் சேதமில்லாமல் எப்படிக் காலந் தள்ளுவது என்கிற விஷயத்தை, அவர்களுடைய அனுபவத்தை முன்வைத்தே பார்ப்பது உசிதம்.

முதலில் இந்த மழையின் பிறப்பு. மேலே போகப்போகக் காற்று குளிரும் என்பது பொதுவிதி. ஆனால் சில வேளைகளில் தெற்கேயிருந்து வரும் உஷ்ணமான ஈரக்காற்று, தரையோடு தரையாகப் படிந்து கிடக்கும் குளிர்காற்றை அப்புறப்படுத்த மாட்டாமல், அதன்மேல் ஏறிப் பரவிக்கொள்ளும். உயரத்திலே பனியாகத் தோன்றியது அந்த உஷ்ண அடுக்கின் வழியே விழும்போது உருகி நீர்த்துளியாகிறது. அத்துளி தரையை ஒட்டிய மெல்லிய குளிர் அடுக்குக்குள் புகும்போது, அதன் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியும், மறுபடி உறைவதற்கு அவகாசமில்லாமல் நீராகவே இருக்கிறது. இலை, கம்பி, கூரை, காரின் கதவு என்று எதைத் தொட்டாலும் அந்தக் கணமே கட்டியாகிவிடுகிறது. செயின்ட் லாரன்ஸ் நதியின் பள்ளத்தாக்கு இதற்கென்றே அமைந்தது போன்ற பூமி. வடகிழக்கிலிருந்து வரும் குளிர்காற்று அப்பள்ளத்தாக்கின் வழியே ஓடி அடியில் தங்கிவிடும். மெக்ஸிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று மேலே செல்லும். ஆண்டுதோறும் சில மணி நேரம் இப்படி நேர்வதும், பிறகு காற்றுத் திசை மாறி எல்லாம் சரியாகிவிடுவதும் அங்கே சகஜம். அந்த வருஷந்தான் மாறவில்லை.

ஜனவரி 5-ஆம் தேதி வாக்கில் தொடங்கிய மழை, விட்டுவிட்டு, ஐந்து நாளுக்குமேல் பெய்தது. உறைமழையும் பனிப்பரலும் சேர்ந்து மாண்ட்ரியலில் சுமார் 100 மில்லிமீட்டர், ஒட்டாவாவில் 85, கார்ன்வால் நகரில் 108 என்று அளவிட்டார்கள். அதற்குமுன் மாண்ட்ரியலின் பெரும் உறைமழை என்று பேசப்பட்ட 1961-ஆம் ஆண்டுச் சம்பவத்தில் படிந்தது 30 முதல் 40 மில்லிமீட்டர்தான். இந்த அளவுகளைக் காகிதத்தில் பார்க்கும்போது பெரிதாகத் தோன்றாது. நம்மூர் ஐப்பசி மழை ஒரே இரவில் இதைக் கொட்டிவிட்டுப் போகும். ஆனால் நம்மூர் மழை வழிந்து ஓடிவிடுகிறது. அந்த மழை விழுந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

நின்றதன் பாரம் எவ்வளவு என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டரை சென்டிமீட்டர் பருமனுள்ள ஒரு மின்கம்பியைச் சுற்றி மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குப் பனிக்கட்டி படிந்தால், மீட்டர் ஒன்றுக்கு நாலேமுக்கால் கிலோ ஏறுகிறது. இரண்டு கோபுரங்களுக்கு இடையே 300 மீட்டர் தூரம் என்றால், ஒரே ஒரு கம்பி மாத்திரம் 1,400 கிலோவுக்குமேல் கூடுதலாகச் சுமக்க வேண்டும். ஒரு கோபுரத்தில் இப்படிப் பல கம்பிகள். ஒரு கோபுரம் முறிந்து சாய்ந்ததும், அதுவரை இருபுறமும் சமனாக இழுபட்டுக்கொண்டிருந்த அடுத்த கோபுரம் ஒரே பக்கமாக இழுக்கப்பட்டு அதுவும் மடங்குகிறது, அதையடுத்து மூன்றாவது. இவ்விதம் விழுந்த பெரிய எஃகுக் கோபுரங்கள் ஏறக்குறைய 130. வீதியோரத்து மரக்கம்பங்கள் சுமார் 30,000. கிளைகள் முறியும் ஓசை, துப்பாக்கி வெடிப்பதுபோல இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது என்று அந்நாட்களை அனுபவித்தவர்கள் சொல்வார்கள். கியூபெக், ஒன்டாரியோ, நியூ பிரன்ஸ்விக் ஆகிய மூன்று மாகாணங்களிலுமாக நாற்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு மின்சாரம் அற்றுப்போயிற்று. ஆறு லட்சம் பேர்வரை வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. மாண்ட்ரியலுக்குத் தெற்கே சென் இயாசந்த், கிரான்பி, சென் ழான் என்ற மூன்று ஊர்களுக்கு இடைப்பட்ட பிரதேசத்துக்கு ‘இருண்ட முக்கோணம்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அங்கே சில வீடுகளுக்கு மின்சாரம் திரும்பி வந்தது பிப்ரவரியில்தான்.

மின்சாரம் போனால் விளக்குப் போகும், விசிறி நிற்கும் என்பது நமக்குத் தெரிந்த கஷ்டம். கியூபெக்கில் நின்றது அதுமட்டுமல்ல. பெரிய நதிகளைத் தேக்கி மின்சாரம் எடுக்கும் மாகாணம் அது, மின்சாரம் மலிவு, ஆகையால் பழைய விறகடுப்புகளையும் எண்ணெய் உலைகளையும் கழற்றிப் போட்டுவிட்டு, பெரும்பாலான குடும்பங்கள் சுவரோரத்தில் மின்சாரக் கணப்புகளைப் பொருத்திக்கொண்டிருந்தன. சமையலும் மின்சாரத்தில், வெந்நீரும் மின்சாரத்தில்; கிராமப்புறங்களில் கிணற்றுநீரை ஏற்றும் பம்பும், நிலவறையில் ஊறும் தண்ணீரை வெளியேற்றும் பம்பும்கூட மின்சாரத்தில். ஒரு குடும்பம் உயிர்வாழ்வதற்கு அத்தியாவசியமான யாவும், வாசற்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒரே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன என்று சொன்னால் மிகையாகாது. கம்பி அறுந்த அன்று, பாட்டி காலத்து இரும்பு அடுப்பை ஏதோ பாசத்தால் தூக்கியெறியாமல் வைத்திருந்த வீடு எதுவோ, அதுவே அந்தத் தெருவுக்கெல்லாம் சத்திரமாயிற்று. எரிவாயுவில் சூடேறும் வீட்டுக்காரர்களாவது தப்பினார்களா என்றால், அதுவும் இல்லை. வாயு வந்துகொண்டிருந்தாலும், உலையைப் பற்றவைக்கும் பொறிக்கும், சூட்டை அறைகளுக்குத் தள்ளும் விசிறிக்கும் மின்சாரம் வேண்டியிருக்கிறது.

மாண்ட்ரியலில் அப்போது இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக இருந்தன. 1983-க்குப் பிறகு அங்கே போய்ச் சேர்ந்தவர்கள். மின்சாரம் இல்லாத வாழ்க்கை அவர்களில் பலருக்குப் புதிதல்ல. 1990-இலிருந்து வருஷக்கணக்கில் மின்சாரமே இல்லாமல் காலங்கழித்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் அவர்களுடைய உறவினர்கள் குப்பிவிளக்கில் படித்தார்கள், சமைத்தார்கள், கல்யாணங்களும் நடத்தினார்கள். ஆனால் வெப்பதேசத்து இருட்டு வேறு, குளிர்தேசத்து இருட்டு வேறு. நம் பக்கத்துச் சமையற்கட்டில் ஓட்டிடுக்கு உண்டு, புகைபோக்கி உண்டு, எந்நேரமும் திறந்து கிடக்கும் கொல்லைக்கதவு உண்டு. அடுப்பின் புகை தன்பாட்டுக்குப் போய்விடும். குளிர்தேசத்து வீடோ ஒரு துளி காற்றும் உள்ளே புகாதபடி, பஞ்சும் ரப்பரும் வைத்து அடைத்துக் கட்டியது. அந்த வீட்டுக்குள் கரியடுப்பைக் கொண்டுவந்து மூட்டுகிறவன், ஊரிலே பிறந்த நல்ல பழக்கத்தினாலேயே தன் குடும்பத்தை அபாயத்தில் ஆழ்த்திவிடக்கூடும்.

இதைக் கொஞ்சம் நின்று விளக்க வேண்டும். ஏனெனில் இத்தகைய புயல்களில் குளிரால் மடிகிறவர்களோடு, குளிரை விரட்டப் போய் மடிகிறவர்களும் ஒவ்வொரு தடவையும் இருக்கிறார்கள். கரியோ, பெட்ரோலோ, எரிவாயுவோ போதிய காற்றில்லாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, கண்ணைக் கரிக்கும் குணமும் இல்லை. நமது இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின், பிராணவாயுவைப் பற்றுவதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு அதிகமான பிடிப்போடு இந்த வாயுவைப் பற்றிக்கொள்கிறது. கல்யாணப் பந்தியில் உரியவர் வருவதற்குமுன் இலையில் உட்கார்ந்துகொண்டு, எழுந்திருக்கவே மறுக்கிற அழையாத விருந்தாளியின் காரியந்தான் இதுவும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், அசதி, மயக்கம். சளிக்காய்ச்சல் என்று எண்ணி, போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறார்கள், படுத்தவர்கள் எழுந்திருப்பதில்லை. ஒரே வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வருமானால், அது காய்ச்சலாக இருக்காது என்று எண்ணி, கம்பளியோடு உடனே வெளியேறுவதே புத்தி.

ஆகவே முற்றத்தில் இறைச்சி வாட்டும் கரியடுப்பு, கூடாரத்துக்கென்று விற்கும் எரிவாயு அடுப்பு, ஜெனரேட்டர் ஆகியவை வீட்டுக்குள்ளே வரலாகாது. கார்க்கொட்டகையும் வீட்டுக்குள்ளேதான் அடங்கும். அதன் கதவு திறந்திருக்கிறதே என்பது சமாதானமாகாது. ஜெனரேட்டரை வெளியே, ஜன்னல்களுக்கும் கதவுக்கும் ஆறு மீட்டருக்குமேல் தள்ளி வைப்பதே முறை. காரில் ஏறி உட்கார்ந்து எஞ்சினை ஓட்டிக் குளிர்காய விரும்புகிறவர், வண்டியை வெட்டவெளிக்குக் கொண்டுபோய், புகைக்குழாயின் வாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று முதலில் குனிந்து பார்க்க வேண்டும். மின்கலத்தில் இயங்கும், இந்த வாயுவைக் கண்டு கூவும் சிறுகருவி அங்கெல்லாம் கடைகளில் கிடைக்கிறது. குளிர்தேசத்தில் குடியேறுகிறவர்கள் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் வாங்க வேண்டிய பொருள் அது என்பது என் அபிப்பிராயம்.

சரி, நெருப்பில்லாமல் எப்படிச் சூடு காப்பது? வீட்டைச் சுருக்கிக்கொள்வதே அதற்கு உபாயம். ஏழெட்டு அறைகளையும் காப்பாற்ற நினைக்கிறவன் ஒன்றையும் காப்பாற்ற மாட்டான். தெற்கு நோக்கிய, சின்னதான, ஜன்னல் குறைவான அறை ஒன்றைத் தேர்ந்து, மெத்தைகளை அங்கே கொண்டுவந்து போட்டு, வாசற்படியில் கனத்த போர்வை ஒன்றை ஆணியடித்துத் தொங்கவிட்டு, கதவிடுக்குகளில் பழந்துணியைச் சுருட்டி அடைத்து, குடும்பம் முழுவதும் அதற்குள்ளேயே இருந்துவிட வேண்டும். மனித தேகமே ஒரு சிறு கணப்பு. நான்கைந்து பேர் ஓர் அறையில் இருந்தால் அதன் பயன் தெரியும். பகலில் வெயில் விழும் ஜன்னலின் திரையை விலக்கி வைப்பதும், பொழுது சாய்ந்தவுடன் மூடிவிடுவதும் சின்ன விஷயங்கள். ஆனாலும் விடியற்காலையில் பலன் தரும். சன்னமான துணிகளாகப் பல அடுக்கு உடுத்துவது, ஒரே தடித்த மேலங்கியைப் போட்டுக்கொள்வதைவிட மேலானது, ஏனெனில் அடுக்குகளுக்கு இடையே தங்கும் காற்றே உஷ்ணத்தைப் போகவிடாமல் தடுக்கிறது. தலைக்குத் தொப்பி, காலுக்குக் கம்பளிக் காலுறை, இரண்டும் உலர்ந்திருக்க வேண்டும். நனைந்த காலுறையோடு தூங்கப் போவதைப் போன்ற அசட்டுத்தனம் வேறில்லை.

வயோதிகர்களையும் குழந்தைகளையும் அடிக்கடி கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். தேகத்தின் உள் உஷ்ணம் 35 டிகிரி செல்ஷியஸுக்குக் கீழே இறங்கினால் அபாயம் ஆரம்பமாகிறது. நடுக்கம் இருக்கும்வரை தேகம் போராடிக்கொண்டிருக்கிறது. குளிர் குறையாமலே நடுக்கம் மாத்திரம் நின்று, பேச்சுக் குழறி, விரல்கள் பொத்தான் போட மறுக்கும்போதுதான் பயப்பட வேண்டும். அந்த நிலையிலுள்ளவர் தமக்கு ஒன்றுமில்லை என்றே சாதிப்பார். அவர் சொல்லைக் கேட்காமல் வைத்தியரிடம் கொண்டுசெல்வதே அவருக்குச் செய்யும் உபகாரம். குளிருக்கு இதமாக ஒரு வாய் மது என்று சிலர் நினைக்கிறார்கள். மது தோலடி இரத்தக்குழாய்களை விரியச் செய்து, உள்ளிருக்கும் சூட்டை வெளியே விட்டுவிடுகிறது. இதமாக இருப்பதாகத் தோன்றுவதே அந்த நஷ்டத்தின் அடையாளம்.

ஆகாரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. திறக்காமல் வைத்த குளிர்பெட்டி நான்கு மணி நேரமும், நிறைய அடுக்கிய உறைபெட்டி இரண்டு நாளும் தாக்குப்பிடிக்கும். வெளியே அவ்வளவு குளிர் இருக்க, எல்லாவற்றையும் முற்றத்தில் வைத்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். பகல் வெயில் பட்டால் இறைச்சி இளகும், இரவில் காட்டுப்பிராணிகள் இழுத்துப் போகும். அதைவிட, பாத்திரங்களில் தண்ணீர் நிரப்பி வெளியே வைத்து உறையவிட்டு, அந்தக் கட்டிகளைப் பெட்டிக்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

அதிக நஷ்டம் விளைவிப்பது தண்ணீர்தான். உறையும்போது நீர் தன் கனபரிமாணத்தில் ஏறத்தாழ ஒன்பது சதவிகிதம் பெருகுகிறது. சுவருக்குள் ஓடும் குழாய் அதைத் தாங்காமல் வெடிக்கிறது. வெடித்தது உடனே தெரிவதில்லை, கட்டி உருகிய பிறகே கூரையிலிருந்து ஒழுகத் தொடங்கும். மின்சாரம் சீக்கிரம் வராது என்று தெரிந்தால், நிலவறைக்கு இறங்கி, தெருக்குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்திலுள்ள தலைவால்வை மூடி, மேல்மாடிக் குழாய்களைத் திறந்துவிட்டு, கடைசியாக எல்லாவற்றுக்கும் தாழ்ந்த குழாயையும் திறந்து முழுவதையும் வடித்துவிட வேண்டும். வடிப்பதற்குமுன் குடிப்பதற்கும், கழிப்பறையில் ஊற்றுவதற்கும் வேண்டியதை வாளிகளில் பிடித்து வைத்துக்கொள்ள மறக்கலாகாது. நம்மவர்கள் இந்த வால்வு எங்கே இருக்கிறது என்பதை வீடு வாங்கிய அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. கும்மிருட்டில் கைவிளக்கோடு தேடுவது கஷ்டம். ஜனவரி 9-ஆம் தேதி மாண்ட்ரியலின் நீர்ச்சுத்திகரிப்பு நிலையங்களுக்கே மின்சாரம் நின்று, நகரம் முழுவதும் தண்ணீரில்லாமல் போகும் கட்டம் வந்தது. அன்று வாளியில் பிடித்து வைத்திருந்தவர்கள் கொஞ்சமாவது நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

வெளியே போகிறவர்களுக்கு ஒரு விஷயம். அறுந்து கிடக்கும் கம்பி செத்த கம்பியென்று எண்ணக்கூடாது. பத்து மீட்டர் தூரம் தள்ளியே நிற்க வேண்டும். ஜெனரேட்டரின் கம்பியைச் சுவர்த்துளையில் செருகி வீடு முழுவதும் விளக்கேற்றப் பார்க்கும் சாமர்த்தியசாலிகளும் இருக்கிறார்கள். அந்த மின்சாரம் வீதிக்கம்பிக்குத் திரும்பிப் பாய்ந்து, கம்பத்தின்மேல் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் தொழிலாளியைக் கொல்லக்கூடும். வீட்டு இணைப்பையும் வீதி இணைப்பையும் பிரிக்கும் மாற்றுவிசை இல்லாமல் இது செய்யத்தக்க காரியமல்ல.

வீட்டளவில் செய்யக்கூடியதற்கு எல்லை உண்டு. பால்பண்ணைக்காரர்களுடைய அவஸ்தையே சாட்சி: நாளைக்கு இரண்டு வேளை கறந்தாக வேண்டிய மாடுகள் நூற்றுக்கணக்கில் நிற்க, கறக்கும் இயந்திரம் ஓடவில்லை, மடிகட்டி நோய்கண்டது. ஒரே ஜெனரேட்டரைப் பண்ணைக்குப் பண்ணை வண்டியில் இழுத்துச் சென்று கறந்தார்கள். கறந்த பாலை வாங்க ஆலை திறந்திருக்கவில்லை, ஆகையால் தரையில் கொட்டினார்கள். பூஷெர்வில் என்ற ஊரில், ரயில் டீசல் எஞ்சின் ஒன்றைத் தண்டவாளத்தைவிட்டு இறக்கி, தார்ரோட்டின்மேலேயே ஓட்டிக்கொண்டு போய், அதன் மின்சாரத்தை நகரமன்றக் கட்டடங்களுக்குக் கொடுத்தார்கள்; தார் கிழிந்ததைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கனடா ராணுவம் சுமார் 16,000 பேரை அனுப்பியது. கொரிய யுத்தத்துக்குப் பிறகு அவ்வளவு துருப்புகள் ஒரே காரியத்துக்குத் திரண்டதில்லை. பள்ளிக்கூடங்கள் தங்குமிடங்களாயின. வீட்டைக் கள்வருக்கு விட்டுவிட்டுப் போவதா என்று வரமறுத்த முதியவர்களைக் கதவுதோறும் தட்டிக் கூட்டிவர வேண்டியிருந்தது. கனடாவில் மாண்ட 28 பேரில் பலர் குளிரில் விறைத்தவர்கள் என்பதை நினைத்தால், வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரத்தை அறிவதும் வீட்டில் காலந் தள்ளும் வித்தையின் ஒரு பகுதியே என்று தோன்றுகிறது.

கியூபெக்கின் மின்வாரியம் அதன்பிறகு, ஒன்று விழுந்தால் வரிசையாக எல்லாம் சாயாதபடி, இடையிடையே வலுவான கோபுரங்களை நிறுத்தியது. கம்பிகளில் நேர்மின்னோட்டத்தைச் செலுத்திச் சூடேற்றிப் பனிக்கட்டியை உதிர்க்கும் ஏற்பாட்டையும் லெவி நகரத்தருகே அமைத்தது. இயற்கை மற்ற இடங்களில் தன் வேலையைக் காட்டாமல் இல்லை. 2013-ஆம் வருஷம் கிறிஸ்துமஸுக்குச் சற்றுமுன் டொராண்டோவில் சுமார் மூன்று லட்சம் மின் இணைப்புகள் அற்றுப்போயின. தமிழர் அடர்ந்து வாழும் ஸ்கார்பரோவும் அதில் சிக்கியது. 2021 பிப்ரவரியில், குளிருக்கென்றே கட்டப்படாத வீடுகள் நிறைந்த டெக்ஸாஸில், உறைகுளிரும் மின்வெட்டும் சேர்ந்து வந்தபோது, அரசாங்கக் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் குளிரால்.

கடைசியாக, மின்சாரம் திரும்பும்போது செய்ய வேண்டியது. எல்லா வீட்டுக் கணப்புகளும் ஒருசேர இழுத்தால், தட்டுத்தடுமாறி வந்த இணைப்பு மறுபடி அறுந்துபோகும். ஆதலால் மின்சாரம் இல்லாதபோதே கணப்பு, அடுப்பு, வெந்நீர்க் கலம் ஆகியவற்றின் விசைகளை நிறுத்தி வைத்துவிட்டு, வந்தபிறகு ஒவ்வொன்றாகப் போட வேண்டும். தலைவால்வை மெதுவாகத் திறந்து, குழாய்களிலிருந்து காற்றுப் போய்த் தண்ணீர் ஒரே தாரையாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். வெந்நீர்க் கலத்தை மட்டும், அது முழுவதும் நிரம்பி, வெந்நீர்க்குழாயில் நீர் சீராக வரும்வரை போடலாகாது. வெறுங்கலத்தில் சூடேறும் கம்பி சில நிமிஷங்களில் எரிந்துபோகும், புதுக்கம்பி மாட்டுகிற ஆளோ அந்த வாரத்தில் ஊரிலெங்கும் அகப்பட மாட்டார்.